லீவில் வந்தவனும் ஊசி சிஸ்டரும்

எங்கள் தெருவில் ஊசி சிஸ்டரிடம் வேட்டியைத் தளர்த்திக் காட்டாத ஆண்மகன் ஒருவரும் கிடையாது. பஞ்சாயத்துத் தலைவர்கூட அவரைக் கண்டால் இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் வணக்கம் சொல்வார்.

மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடி போகும் சாலையில் இருக்கிறது எங்கள் ஊர். சிஸ்டர் டவுன் ஆஸ்பத்திரியில் நர்ஸ். வெள்ளைப் புடவை, கறுப்புக் குடை. கணவர் காலமாகிவிட்டார், ஒரே மகள் கல்யாணமாகி மஸ்கட்டில். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் போதகர் பிரசங்கத்துக்கு நடுவே இருமினால், "ஆராதனை முடிஞ்சதும் ஊசி போட்டுக்கிட்டுப் போங்கய்யா" என்று முன்வரிசையிலிருந்து சத்தமாகச் சொல்வார்.

ஐம்பத்தெட்டு வயதில் ஓய்வு கொடுத்தார்கள். மாலை, சால்வை, சுவர்க் கடிகாரம். மறுநாள் காலை ஆறரை மணி பஸ்ஸுக்குக் குடையோடு வந்து நின்றார்.

"சிஸ்டர், நேத்துதானே மாலை போட்டு அனுப்புனாங்க?" என்றார் கண்டக்டர்.

"மாலை போட்டா வரக் கூடாதுன்னு எவன் சொன்னான்? டிக்கெட்டைக் கிழி."

எட்டு நாள் போனார். ஒன்பதாம் நாள் போகவில்லை. சர்ச்சுக்கும் போகவில்லை. ஊசிக்கு யாராவது கதவைத் தட்டினால், "டாக்டர்கிட்ட போங்க" என்று உள்ளேயிருந்து குரல் மட்டும் வரும்.

எதிர் வீட்டில் நான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த காலம் அது. துபாயில் ஏசி மெக்கானிக்காக இருந்தேன். கம்பெனியை மூடி எங்களை விமானம் ஏற்றிவிட்டார்கள். "லீவுல வந்திருக்காங்க" என்று என் மனைவி செல்வி தெருவில் சொல்லிவைத்தாள். நானும் சென்ட் போட்டுக்கொண்டு கடைத்தெருவில் சுற்றினேன். மூன்றாவது மாதம் டீக்கடையில் ஒருவர், "உங்க கம்பெனியில லீவு தாராளமா குடுப்பாங்க போலிருக்கே தம்பி" என்றார். அன்றைக்குப் படுத்தவன்தான்.

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டுச் செல்வி போய்ச் சிஸ்டரின் கதவை இடித்தாள்.

"எங்க வீட்டுக்காரங்க சாப்பிடவே மாட்டேங்குறாங்க சிஸ்டர். பேசவும் மாட்டேங்குறாங்க. எனக்குப் பயமா இருக்கு."

அரைமணி கழித்துச் சிஸ்டர் வந்தார். கசங்கிய நைட்டி, வாராத தலை. தெர்மாமீட்டரை என் வாயில் செருகினார்.

"எத்தனை நாளா இப்படி?"

"ம்ம்..."

"பேசாத, உடைஞ்சிரும்."

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்தபடி அவரே பேசினார்.

"இப்ப ஹெட் நர்ஸா இருக்கறது நான் பழக்கிவிட்ட பொண்ணுதான் தம்பி. ரொம்ப மரியாதையா வார்டுக்கு வெளியே ஒரு நாற்காலி போட்டுச்சு. 'உக்காருங்க சிஸ்டர், காபி வாங்கியாறச் சொல்றேன்'னுச்சு. நோயாளியைப் பாக்க வர்றவங்க உக்கார்ற நாற்காலி. முப்பது வருஷத்துல ஒரு நாள் நான் அதுல உக்காந்ததில்ல. காபியைக் குடிச்சிட்டு வந்துட்டேன்."

கண்ணைத் துடைக்க நைட்டியில் முந்தானை இல்லை. என் போர்வை நுனியை இழுத்துத் துடைத்துக்கொண்டார். பிறகு தெர்மாமீட்டரை உருவி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"காய்ச்சல் இல்ல."

"லீவும் இல்ல சிஸ்டர்" என்றேன். "வேலை போயிடுச்சு."

வாய்விட்டு அதை நான் சொன்னது அதுவே முதல் தடவை. கதவோரம் நின்ற செல்வி விம்மினாள்.

"எனக்கும்தான்" என்றார் சிஸ்டர். "எந்திரி. ரெண்டு பேரும் சாப்பிடுவோம்."

அன்று அவர் மூன்று முறை ரசம் சோறு வாங்கிச் சாப்பிட்டார். அவருக்கும் பல நாள் பட்டினி என்பது அப்போதுதான் புரிந்தது.

மறுநாளிலிருந்து காலையில் என்னை எழுப்பி வாய்க்கால் கரையில் நடக்கவைத்தார். உடனே தேறிவிட்டோம் என்று சொல்ல மாட்டேன். ஆறரை பஸ் கடக்கும்போது அவர் பேச்சு பாதியில் நிற்கும். நான் வயலைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொள்வேன்.

ஊரில் அப்போது வீட்டுக்கு வீடு பிரிட்ஜ் வாங்க ஆரம்பித்திருந்தார்கள். மயிலாடுதுறையில் ரிப்பேர் கடை போட்டேன். பிள்ளைகள் சிங்கப்பூர், குவைத் என்று போய்விட, சுற்றுக் கிராமங்களில் படுக்கையில் கிடந்த பெரியவர்களைக் குளிப்பாட்டி, புண் வராமல் புரட்டிப் படுக்கவைக்கச் சிஸ்டர் புறப்பட்டார். என் மொபெட்டின் பின்னால் உட்கார்ந்து வழியெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டே வருவார்.

சிஸ்டர் இறந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. எனக்கும் வயது அறுபதைத் தாண்டிவிட்டது. கடையை மகனிடம் விட்டுவிட்டு ஓய்வெடுக்கச் சொல்கிறார்கள். எல்லோரிடமும் சரி சரி என்று தலையாட்டுகிறேன். பயமாக இருக்கிறது என்று சிஸ்டரிடம் மட்டும்தான் சொல்லத் தோன்றுகிறது.