குடிகாரர் கூட்டத்துக்கு நான் போய் வந்த விதம்

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கையைக் கட்டிய பாவி எழுதிக்கொள்வது. நான் நலம். தங்கள் நலத்தைத் தாங்களே ஊரெல்லாம் சொல்லிக்கொள்வதால் தனியாக விசாரிக்கவில்லை.

குடியை நிறுத்த நாலு கூட்டத்துக்குப் போய் வந்தால் தங்கையை அனுப்பி வைப்பதாகச் சொன்னீர்கள். பல் டாக்டருக்குப் பல்லைப் பிடுங்கத் தெரிந்தால் போதாதா, அடுத்தவன் குடும்பத்தையும் பிடுங்க வேண்டுமா என்று அன்றே கேட்டிருப்பேன். அவள் பெட்டியோடு உங்கள் காரில் ஏறிவிட்டதால் வாயை மூடிக்கொண்டேன். முப்பது வருஷம் தராசுக்கும் படிக்கல்லுக்கும் முத்திரை போட்ட அதிகாரி நான். குடித்தாலும் அளவுக் குவளையில் ஊற்றிக் குடிப்பவன். அந்தக் குவளையைத் தினமும் எத்தனை முறை நிரப்பினேன் என்பது என் சொந்த விஷயம்.

நீங்கள் கொடுத்த துண்டுச்சீட்டின் லட்சணத்தைக் கேளுங்கள். முதல் எண்ணுக்குப் போன் செய்தால் தலையணை உறைக் கடைக்காரர் எடுத்து, "ஒத்தைக் கட்டிலா, ரெட்டைக் கட்டிலா?" என்றார். இரண்டாவது முகவரியில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார்கள். மூன்றாவது, நூலகக் கட்டடம், வியாழன் மாலை ஆறு மணி. சட்டையை இஸ்திரி போட்டு, முகம் மழித்துப் போனேன். வாசலில் காவலாளி. அவனிடம் போய் அந்த வார்த்தையைச் சொல்ல என் நாக்கு கூசியது.

"அந்தக் கூட்டம் எங்கப்பா?"

"எந்தக் கூட்டம் சார்?"

"அதாம்ப்பா... அது."

என்னை ஏற இறங்கப் பார்த்தான். "மாடிக்குப் போங்க சார்" என்றான், ஏதோ துக்கம் விசாரிப்பதுபோல.

மாடியில் பதினோரு பேர், அதில் ஒன்பது பேர் பெண்கள். இத்தனை பெண்களா குடிக்கிறார்கள், உலகம் உருப்பட்ட மாதிரிதான் என்று தலையில் அடித்துக்கொண்டேன். பேர் கேட்கக் கூடாது, குறுக்கே பேசக் கூடாது, யாருக்கும் புத்தி சொல்லக் கூடாது என்று மூன்று சட்டம் போட்டிருக்கிறார்கள். நீங்கள் ஐந்து நிமிஷம் தாங்க மாட்டீர்கள் மச்சான். தையல்காரப் பெண் ஒருத்தி, "செருப்பு கழட்டற சத்தத்துலயே தெரிஞ்சுடும், இன்னைக்கு எவ்வளவுன்னு" என்றாள். குடித்துக் குடித்துக் காது கலங்கிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தேன். இன்னொருத்தி பாட்டிலில் பேனாவால் கோடு போட்டு வைப்பாளாம். பரவாயில்லை, அளவு தெரிந்தவள் ஒருத்தியாவது இருக்கிறாளே என்று அவளைப் பார்த்து மரியாதையாகத் தலையாட்டினேன்.

மூன்றாவது வாரம்தான் விஷயம் உடைந்தது. கூட்டத்தை நடத்தும் அம்மாள், "நாம குடிக்கறவங்க இல்ல, குடிக்கறவங்களோட வாழறவங்க" என்று ஆரம்பித்தார். குடிகாரர் கூட்டம் கீழே, பின்கட்டு அறையிலாம்! இது அவர்கள் வீட்டு மனிதர்களின் கூட்டமாம்! காவலாளி என் முகத்தைப் பார்த்து, யாரோ ஒரு குடிகாரனிடம் மாட்டிக்கொண்ட அப்பாவி என்று முடிவு செய்திருக்கிறான். என் முகத்தில் குடிகாரக் களை துளியும் இல்லை என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? இதை உங்கள் வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டவும்.

எழுந்து போயிருக்கலாம். ஆனால் நீங்கள் கூட்டம் என்றுதான் சொன்னீர்கள், எந்த மாடி என்று சொல்லவில்லை. நாலாவது வாரமும் போனேன். அன்றைக்கென்று பார்த்து அந்த அம்மாள், "விருப்பமிருந்தா நீங்களும் பேசலாம்" என்று என் பக்கம் திரும்பினார். எல்லோரும் பார்க்கிறார்கள். என்ன செய்வேன்? "எங்க வீட்லயும் ஒருத்தர் இருக்கார்" என்று ஆரம்பித்துவிட்டேன். ஆரம்பித்தது நிற்கவில்லை மச்சான். பெண்ணுடைய பட்டமளிப்பு அன்றைக்கு அந்த ஆள் நாற்காலியோடு விழுந்தது, மனைவி காய்ச்சலில் கிடந்தபோது மருந்து வாங்கப் போய் மறுநாள் வந்தது, வந்து "ஏன் இன்னும் சமைக்கலே?" என்று கத்தியது, எல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அவன்மேல் ஆத்திரம் வந்தது. ஓங்கி ஒன்று விடலாம்போல் இருந்தது.

இறங்கும்போது ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் படிக்கட்டில் என் கையைப் பிடித்துக்கொண்டார். "சட்டப்படி சொல்லக் கூடாதுதான். அந்த ஆளோட எப்படித்தான் இருக்கீங்களோ! அவர் உங்களுக்கு என்ன உறவு?"

"ரொம்ப நெருங்கின சொந்தம்மா."

"விட்டுட்டு வந்துடுங்க" என்றார். எப்படி வருவது என்று சொல்லவில்லை.

ஆக, நாலு கூட்டம் முடிந்தது. வாக்கு வாக்காக இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை காலை அவளை அனுப்பி வைக்கவும். சமையலறைக் குழாய் ஒழுகுகிறது, என் சட்டைகளுக்குப் பொத்தான் இல்லை, வீடு வீடாக இல்லை.

தங்கள் துணைவியாருக்கு வணக்கம். பிள்ளைகள் அவர்கள் அம்மாவைப்போல் புத்தியோடு வளரட்டும். தாங்கள் வயதில் எனக்கு இளையவர் என்பதால் ஆசி மட்டும்.

இப்படிக்கு,
தங்கள் தங்கை கணவன்

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் இன்னொரு வியாழக்கிழமை வந்துவிட்டது. கீழே, பின்கட்டு அறைக்குப் போனேன். போன வாரம் மாடியில் சொன்னதையெல்லாம் திரும்பச் சொல்லி, அந்த ஆள் நான்தான் என்றேன். யாரும் என் கையைப் பிடிக்கவில்லை. "உக்காருங்க" என்றார்கள், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை அவளை அனுப்ப வேண்டாம் மச்சான். அவளாக வருகிறேன் என்றாலும் கொஞ்ச நாள் நிறுத்தி வையுங்கள். அங்கே அவள் நன்றாகத் தூங்குகிறாளா? அதை மட்டும் ஒரு வரி எழுதுங்கள்.