திக்குவாய்க் கூட்டத்துக்கு வந்த ஒரே ஆள்

ஸ்பீச் தெரபிஸ்ட் என்றால் வாயாடி என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் கல்லூரியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது வாயை மூடிக்கொண்டிருக்கத்தான். எதிரே இருப்பவர் வார்த்தை வராமல் தவித்தால் நாம் எடுத்துக் கொடுக்கக் கூடாது, காத்திருக்க வேண்டும். கவுன்சலிங்கில் பாதி அதுதான். இதைப் பற்றி நான் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதி நல்ல மார்க் வாங்கினேன். (மௌனத்தைப் பற்றி அடிஷனல் ஷீட் வாங்கியபோதே யாராவது என்னைத் தடுத்திருக்கலாம்.)

2007-இல் வேலூரிலிருந்து கடலூருக்கு வேலைக்கு வந்தேன். மஞ்சக்குப்பத்தில் சின்னதாக ஓர் ஆஸ்பத்திரி. மாடிப்படிக்குக் கீழே எனக்கு ஓர் அறை. பக்கவாதத்தில் பேச்சுப் போனவர்களும் பேச்சு வராத குழந்தைகளும் வருவார்கள். சாயங்காலம் ஆனால் எனக்கென்று ஓர் ஆள் கிடையாது. வீட்டுக்காரம்மா சீரியல் ஆரம்பித்ததும் கதவைச் சாத்திவிடுவார். சில நாள் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போய், சுண்டல் வாங்கும் சாக்கில் நாலு வார்த்தை பேசிவிட்டு வருவேன். ‘காரம் போடவா?’ என்று சுண்டல்காரர் கேட்பதே பாசமாகத் தெரிந்த காலம் அது.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. திக்குவாய் உள்ளவர்கள் பாவம், தனிமையில் வாடுகிறார்கள். அவர்களை ஒன்றாக உட்காரவைத்துப் பேசவைத்தால் என்ன? (வாடியது யார் என்று இப்போது தெரிகிறது.) சிதம்பரத்தில் ஒரு டியூஷன் சென்டர் ஹாலை ஞாயிற்றுக்கிழமைக்குப் பேசினேன். ‘திக்குவாயா? வாருங்கள், பேசலாம்! முன்பதிவுக்குப் போன் செய்யவும்’ என்று இடம், தேதி, என் செல் நம்பரோடு போஸ்டர் அடித்து இரண்டு ஊர் பஸ் ஸ்டாண்டிலும் ஒட்டவைத்தேன்.

அன்று சாயங்காலமே போன் அடித்தது. எடுத்தேன். பேச்சே இல்லை, மூச்சு மட்டும் கேட்டது. வைத்தேன். மறுபடி வேறு நம்பரிலிருந்து அதே மூச்சு. தனியாக இருக்கிற பெண்ணின் நம்பரை பஸ் ஸ்டாண்டில் ஒட்டினால் இப்படித்தான் ஆகும் என்று பல்லைக் கடித்தேன். அதில் ஒருவன் மட்டும் தினமும் விளக்கு வைக்கிற நேரத்துக்குத் தவறாமல் கூப்பிட்டான்.

“டேய் பொறுக்கி! அக்கா தங்கச்சியோட பொறக்கல நீ? நம்பர போலீஸ்ல குடுத்தா தெரியும்!” என்று ஆரம்பித்து மூச்சு வாங்கும்வரை திட்டுவேன். நாளுக்கு நாள் திட்டு மெருகேறியது. உச்சரிப்பு அத்தனை சுத்தம்!

முன்பதிவு ஒன்றுகூட வரவில்லை. நேராக வந்துவிடுவார்கள் என்று நம்பி, ஒரு தூக்கு நிறைய மெதுவடை வாங்கிக்கொண்டு சிதம்பரம் போனேன். நாற்காலிகளை வட்டமாகப் போட்டேன். யாரும் வரவில்லை. காலியாகத் தெரியக் கூடாதென்று வட்டத்தைச் சின்னதாக்கினேன். அப்புறம் இன்னும் சின்னதாக்கினேன். கடைசியில் நாலு நாற்காலிக்கு நடுவில் ஃபேன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வேலூருக்கே திரும்பிப் போய்விடலாம் என்று தோன்றியது.

அப்போது கட்டம் போட்ட சட்டையில் ஓர் இளைஞர் வாசலில் வந்து நின்றார். ஓடிப்போய் இழுக்காத குறையாக உட்காரவைத்தேன்.

“சொல்லுங்க, நீங்க யாரு?”

“நாந்தா மேடம்... அந்த... பொ... பொ...”

பரீட்சையில் எழுதியதெல்லாம் பறந்தது. “போட்டா? பிச்சாவரத்துல போட்டு ஓட்டறீங்களா?”

ஆமாம் என்று தலையாட்டினார். ஆனாலும் மறுபடி, “பொ... பொ...”

“பொண்ணு பாக்கறாங்களா?”

அதற்கும் தலையாட்டினார். “பொ...”

“போஸ்டர்! போஸ்டர் பாத்துட்டு வந்தீங்க!”

அதுவும் சரிதான். மூன்றுமே சரியாகச் சொல்லியும் மனிதர் விடவில்லை. நாற்காலியை இறுக்கிப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்:

“பொறுக்கி. நாந்தா மேடம் அந்த பொறுக்கி. டெய்லி போன் பண்ணது.”

திக்குவாய் உள்ளவருக்குப் போன்தான் எமன் என்று முதல் வருஷமே படித்திருக்கிறேன். நீச்சல் தெரியாதவர்களுக்கு வகுப்பு, நடுக்கடலில் வந்து பெயர் கொடுக்கவும் என்று போஸ்டர் அடித்திருக்கிறேன்! முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

“அப்ப மத்தவங்க?” என்று காலி நாற்காலிகளைப் பார்த்துக் கேட்டார்.

“அவுங்களையுந்தான் திட்டிட்டேன்.”

அவர் சிரித்தார். சிரிப்பு திக்கவில்லை.

“அவ்ளோ திட்டியும் ஏன் டெய்லி பண்ணீங்க?”

“யாரா இருந்தாலும் ரெண்டு அலோ சொல்லிட்டு வெச்சிருவாங்க மேடம். நீங்க மட்டுந்தா வெக்காம அவ்ளோ நேரம் பேசுனீங்க.” (இதைச் சொல்ல அவருக்கு ரொம்ப நேரம் ஆனது. நான் நேராக எழுதிவிட்டேன்.)

அந்த ஊரில் என்னையும் தினமும் கூப்பிட்டது அவர் ஒருவர்தான்.

வடையைத் தின்றுகொண்டே சொன்னார். பெயர் கலியமூர்த்தி. கடலூர் முதுநகரில் பெண் பேசி முடித்தாயிற்று. அந்தப் பெண் போன் செய்தால் இவர் கட் பண்ணிவிடுகிறார். மாப்பிள்ளைக்குப் பெண்ணைப் பிடிக்கவில்லை போல என்று அவர்கள் வீட்டில் பேச்சு வந்துவிட்டது.

“அவுங்ககிட்ட என்ன சொல்லணும்னு நெனைக்கிறீங்க?” என்று கேட்டேன். கேட்டுவிட்டு, வாழ்க்கையிலேயே முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டேன்.

“எனக்குத் திக்கும்னு,” என்றார் கடைசியில். “அதத்தா சொல்லணும்.”

அன்றிலிருந்து தினமும் எனக்குப் போன் செய்து அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிப் பழகினார். சில நாள் மூச்சோடு முடிந்துபோகும். நான் வைக்க மாட்டேன்.

பிறகு ஒரு நாள் போன் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அந்தப் பெண்ணிடம் பேச ஆரம்பித்துவிட்டார் என்று புரிந்தது. நல்ல தெரபிஸ்ட் என்றால் சந்தோஷப்பட வேண்டும். நான் செல்லை எடுத்து சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்தேன்.

கல்யாணத்துக்குக் கூப்பிட்டார்கள். மேடையில் கலியமூர்த்தி மாமனாரிடம், “இவுங்கதா மாமா என்ன பொறுக்கின்னு திட்டுன மேடம்” என்று திக்காமல் திணறாமல் ஒரே மூச்சில் சொன்னார். பந்தி வரைக்கும் அந்தப் பேச்சுதான். அங்கே வாங்கிய ‘பொறுக்கி மேடம்’ பட்டம் என்னை விடவேயில்லை.

2012-இல் அவர்கள் மகளுக்குப் பேச்சு வந்தது. என்னைப் பார்த்ததும், “பொக்கி அத்த!” என்று ஓடி வருவாள். “றகரம் வரலியே, எதுனா பயிற்சி குடுங்க மேடம்” என்று அவள் அம்மா கேட்டுக்கொண்டேயிருந்தாள்.

அந்த ஒரு கேஸை மட்டும் நான் எடுத்துக்கொள்ளவேயில்லை.