நூற்றுக்கு நூறு குணம்

மலைக்கும் ஆற்றுக்கும் நடுவே நலம்பாடி என்றொரு நாடு இருந்தது. அந்நாட்டின் பொது வைத்தியசாலையில் வயிற்றுவலிக்காரர்களின் வரிசை மட்டும் கோட்டை வாசல் வரை நீண்டு கிடந்தது. அதைக் கண்டு மனம் வருந்திய மன்னர் நெடுமுடியார், வைத்தியர்களைக் கூட்டுவதா, குடிதண்ணீரைச் சுத்தம் செய்வதா என்று யோசித்தார். இரண்டுமே வேலை என்பதால் சமவரிசைச் சட்டத்தைக் கொண்டுவந்தார். அதன்படி எந்த வரிசையும் இன்னொன்றைவிட நீளமாக இருக்கக் கூடாது. புதிதாக வருகிறவர், எது குட்டையோ அந்த வரிசையில் நிற்க வேண்டும். நிற்கிற வரிசையின் நோயே அவருடைய நோய்.

வாழவந்தாள் தன் கணவன் சடையாண்டியைத் தோளில் தாங்கியபடி வந்து சேர்ந்தபோது, வரிசை அதிகாரி அளவுக் கயிற்றோடு மேடையில் நின்றிருந்தார்.

"காது," என்றார்.

"வயிறுங்கய்யா. வலப்பக்கம் அடிவயிறு. குடிச்ச தண்ணி கூட தங்க மாட்டேங்குது."

"வயிறு நீண்டு போச்சும்மா. காதுலதான் ஆள் குறையுது."

"அங்க ஆள் குறைஞ்சா இவருக்குக் காது வலிச்சிருமா?"

"வலிக்காதுதான். சட்டம் வந்து இவ்வளவு நாளாச்சு, ஜனங்களுக்கு இன்னும் பழகலியே," என்று அவர் உண்மையான வருத்தத்தோடு சொன்னார்.

காலையில் நின்றவர்களுக்குச் சாயங்காலம்தான் முறை வந்தது. காது வைத்தியர் விளக்கைப் பிடித்து இரண்டு காதிலும் எட்டிப் பார்த்தார்.

"அருமையான காது. ஒரு குறையும் இல்ல."

"எனக்கு வயித்துல..." என்று சடையாண்டி முனகினான்.

"நான் பேசுறது கேக்குதில்ல? அப்புறம் என்ன?"

அவன் முன்கையில் 'குணமானவர்' என்று முத்திரை குத்தினார்கள். மணி அடித்தார்கள். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் கைதட்ட வேண்டும் என்பது விதி, தட்டினார்கள். நாட்டின் பெருமையே இதில்தான் இருந்தது. பல்வலிக்காரரின் கண்ணும், காய்ச்சல்காரரின் முழங்காலும் சோதிக்கப்பட்டு, பழுதில்லை என்று தெரிந்து, வந்த எல்லோரும் குணமாகித் திரும்பினார்கள். நூற்றுக்கு நூறு. அக்கம்பக்கத்து அரசர்கள் பொறாமையில் வெந்தார்கள்.

மறுநாள் சடையாண்டியால் நிமிரவே முடியவில்லை. வாழவந்தாள் அவனை மறுபடி இழுத்து வந்தாள். இந்த முறை கிடைத்தது பல் வரிசை. அவள் அதிகாரியோடு மல்லுக்கு நிற்கவில்லை. வயிறு வரிசையின் முன்பக்கம், கன்னம் வீங்கிய ஒருத்தி நிற்பதைப் பார்த்துவிட்டாள்.

"ஏக்கா, பல்லுவலியா?"

"ம்ம்."

"எங்க இடம் பல்லுதான். மாத்திக்குவமா?"

கன்னம் வீங்கியவள் முந்தானையைச் சொருகிக்கொண்டு பல் வரிசைக்குத் தாவினாள்.

வயிற்று வைத்தியர் சடையாண்டியின் அடிவயிற்றை அமுக்கினார். அவன் அலறினான். வைத்தியருக்குக் கண் கலங்கிவிட்டது.

"வயித்துவலின்னு சொல்லி வயித்துவலியோடயே வந்திருக்கீங்களே. இப்படி ஒரு ஆளைப் பாத்து எவ்வளவு காலமாச்சு. உள்ள குடல்வால் சீழ் பிடிச்சிருக்கும்மா. இன்னைக்கே அறுக்கணும். விட்டா ஆள் தங்க மாட்டாரு."

"அறுங்கய்யா."

"அறுக்க அமைச்சர் உத்தரவு வேணுமே."

சுகாதார அமைச்சர் தன் பரிவாரத்தோடு வந்து, நோயாளியைப் பார்க்காமல் அவன் கையிலிருந்த முத்திரையைப் பார்த்தார்.

"குணமானவரை எப்படிய்யா அறுப்பீங்க?"

"இவருக்கு நோய் இருக்குங்க," என்றார் வைத்தியர்.

"நாட்டுல நோயே இல்லன்னு ஊர் ஊரா பேசிட்டு வரோம். மந்திரிசபைத் தேர்தல் வருது. இவரு ஒருத்தரால நூறு தொண்ணூத்தொம்பது ஆகணுமா?"

"அவரு சாகக் கெடக்காரு," என்றாள் வாழவந்தாள். "உங்க நூறைத் தூக்கிக் குப்பையில போடுங்க."

அமைச்சர் தாடியைத் தடவினார். பிறகு முகம் மலர்ந்தது. நம் நாட்டில் நோயாளி இல்லை, இவர் நோயாளி, ஆகவே இவர் நம் நாட்டவர் இல்லை. அந்தி சாய்வதற்குள் கணவனையும் மனைவியையும் படகில் ஏற்றி, ஆற்றுக்கு அக்கரையில் நாடு கடத்திவிட்டார்கள்.

அக்கரைச் சீமையில் ஒரு வைத்தியர், "எங்க வலிக்குது?" என்று கேட்டார். அந்தக் கேள்வியைக் கேட்டதும் வாழவந்தாளுக்கு அழுகை வந்துவிட்டது. அன்றே அறுத்தார்கள். சடையாண்டி பிழைத்தான்.

அவன் கண் விழித்த அன்று பக்கத்துக் கட்டிலில் ஒரு கம்பளி வியாபாரி வயிற்றில் கட்டோடு படுத்திருந்தார். வாழவந்தாள் அவரை உற்றுப் பார்த்தாள். நலம்பாடியில் ஒவ்வொரு மருந்துக் குப்பியிலும் சிரிக்கிற முகம் அது.

"ராசா, நீங்களா?"

"மெதுவா பேசும்மா," என்று நெடுமுடியார் போர்வையை மூக்குவரை இழுத்துக்கொண்டார். "உனக்கு யாரு இங்க வழி சொன்னது? பெரிய ஆளுங்களுக்கு மட்டும்தான தெரியும்."

அவள் பதில் சொல்வதற்குள் அக்கரை வைத்தியர் உற்சாகமாக உள்ளே வந்தார்.

"ரெண்டு பேருக்கும் அடுத்த வாரம் தையல் பிரிக்கணும். அதுக்குள்ள இங்கயும் புது முறை வந்துடும். உங்க நலம்பாடி முறைதான். சமவரிசை. எங்க ராஜா அதுல மயங்கிப் போயிட்டாரு."

மன்னர் வயிற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். "வேண்டாங்க. அந்த முறை உதவாது. நான் அந்த ஊர்க்காரன், சொல்றேன் கேளுங்க."

வைத்தியர் சிரித்தார். "கம்பளி விக்கிறவருக்கு இதெல்லாம் எங்க புரியப்போவுது? நாடு பூரா ஒருத்தர் விடாம குணமாயிட்டாங்கன்னு உங்க ராஜாவே கைப்பட எழுதி அனுப்பியிருக்காரு."

வைத்தியர் போனதும் வாழவந்தாள் மன்னரின் கட்டிலருகே வந்து நின்றாள்.

"இதுக்கு அடுத்த நாடு எதுங்க?"

"மேற்கே ஒண்ணு இருக்கு."

"அங்கயும் எழுதி அனுப்பிட்டீங்களா?"

மன்னர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.