பில்லு போடுற பொண்ணு

"நேத்து போன்ல கேட்டவங்களைத் திரும்பக் கூப்பிட்டு, நான் மெக்கானிக்னு சொல்லுங்க சார்."

சைக்கிள் கடை முதலாளி அப்போதுதான் ஷட்டரைத் தூக்கிவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். இடுப்பு வலியை மறந்து அவளைப் பார்த்தார்.

இதை மட்டும் கேட்கவே கூடாது என்று வேலைக்குச் சேர்த்துவிட்ட மாமா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். சம்பளம் கேள், லீவு கேள், தலைக்கு மேல் ஒரு மின்விசிறி கேள். மெக்கானிக் என்று சொல்லச் சொல்லி மட்டும் கேட்காதே, அந்த மனுஷனுக்கு ஆகாது. அவளும் இரண்டு வருடம் வாயைப் பொத்திக்கொண்டுதான் இருந்தாள். பொத்தியதற்காக யாரும் மாலை போடவில்லை.

குடும்பத்திலேயே முதல் பட்டதாரி அவள். படித்தது மெக்கானிக்கல். ஊர் அறிந்த வரையில் கடையில் பில் போடுகிறாள். உண்மையில், கியர் சைக்கிள் எது வந்தாலும் பின்கட்டுக்குப் போகும். அங்கே அவள் சரிசெய்வாள். பிறகு, கடையின் மெக்கானிக் என்று பேர்வாங்கிய மாஸ்டர் அதை முன்னால் உருட்டிக்கொண்டு வந்து, நெற்றியில் இல்லாத வியர்வையைத் துடைத்துக்கொள்வார். வந்தவர்கள் மாஸ்டரின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறை.

இப்போது ஒரு சைக்கிள் பந்தய அணிக்கு மெக்கானிக் தேவைப்பட்டது. அவளிடம் பேசிப் பார்த்ததில் பயிற்சியாளருக்குத் திருப்தி. ஒரே ஒரு நிபந்தனை: கியர் வேலை பார்த்தவள்தான் என்று கடை முதலாளி தன் வாயால் சொல்ல வேண்டும். நேற்று போன் வந்தது. முதலாளி யோசிக்கவே இல்லை. "யாரு, அதுவா? அது பில்லு போடுற பொண்ணுங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

"நீதான் மெக்கானிக்னு வெளியே தெரிஞ்சா ஒருத்தனாவது இந்தப் படி ஏறுவானா?" என்றார் இப்போது.

"இவ்வளவு நாளா ஏறினவங்க வண்டியையெல்லாம் யாரு பார்த்தா?"

"அதான் யாருக்கும் தெரியாதே" என்றார் முதலாளி, வழக்கில் ஜெயித்தவர் போல. தண்டனையும் உடனே வந்தது. இன்றைக்கு அவள் ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொடக் கூடாது. கல்லாவை விட்டு நகரக் கூடாது.

சரி என்றாள். பின்பக்கம் போய்ச் சுருக்கமாக ஒரு போன் பேசிவிட்டு வந்தாள். பாவம், அம்மாவிடம் அழுகிறாள் என்று முதலாளி தன் மச்சினனிடம் சொன்னார். திரும்பி வந்த கண்ணில் ஈரம் எதுவும் இல்லை. அதை யார் கவனித்தார்கள்?

வெயில் ஏறுவதற்குள், ஒல்லி டயர் போட்ட ரோடு சைக்கிள் ஒன்று வந்தது. கூடவே ஒரு உயரமான பெண்மணி, கஷாயம் குடித்துவிட்டு நேராக வந்த முகம். வண்டி வலப்பக்கமாக விழுந்துவிட்டதாம். பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றினால் கடகடவென்று சத்தம் வருகிறதாம். நாளைக்கு ஓட்டியாக வேண்டும், சாயங்காலம் வருகிறேன் என்று நிறுத்திவிட்டுப் போய்விட்டார். பேரும் நம்பரும் வாங்காமல் யாரையும் விடாத அவள், இவரிடம் மட்டும் எதுவும் கேட்கவில்லை.

கல்லாவிலிருந்து பார்த்தபோதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. கியர் மாற்றும் கருவி, பின்சக்கரத்தின் ஓரத்தில் ஒரு சின்ன அலுமினியத் துண்டில் தொங்குகிறது. அதுதான் ஹேங்கர். வண்டி விழுந்தால் ஃபிரேம் பிழைக்கட்டும் என்று அடியைத் தான் வாங்கிக்கொண்டு வளைவதற்காகவே செய்தது. எல்லா வீட்டிலும் அப்படி ஒருத்தி இருப்பாள்.

"ஹேங்கர் உள்ளே வளைஞ்சிருக்கு" என்றாள்.

"பில்லு" என்றார் முதலாளி.

மாஸ்டர் கேபிளில்தான் கோளாறு என்று தீர்ப்புச் சொன்னார். இழுத்து முறுக்கினார். அதுவரை பெரிய பல்சக்கரத்தில் மட்டும் இருந்த சத்தம் இப்போது எல்லாவற்றிலும் வந்தது. கேபிள் என்றால் மாஸ்டருக்குப் பிரேக் கேபிள்தான் தெரியும். அதை முறுக்கினால் நல்லது நடக்கும்.

முதலாளி அவரை ஒதுக்கிவிட்டு, இந்தக் கடையைத் தொடங்கியதே என் கைதான் என்று ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். கருவி எதுவரை உள்ளே போகலாம் என்று கட்டிப்போடும் குட்டி ஸ்க்ரூ ஒன்று உண்டு. அதைத் தாராளமாகத் திறந்துவிட்டுப் பெடலைச் சுற்றினார். செயின் பெரிய பல்சக்கரத்தைத் தாண்டி, ஸ்போக் கம்பிகளுக்கு நடுவே போய்ச் சிக்கிக்கொண்டது.

சக்கரத்தைக் கழற்றித்தான் செயினை மீட்டார்கள். திரும்ப மாட்டியபோது சக்கரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தது. அவளுக்குக் கை துறுதுறுத்தது.

"சக்கரம் நேரா உட்காரல சார்."

"பில்லு."

அடுத்து மச்சினன் வந்தான். வீடியோ ஒன்றில் பாதி பார்த்திருந்தான். ஹேங்கர் உள்ளே வளைந்திருக்கிறது என்று, தானே கண்டுபிடித்தது போல அறிவித்தான். இரண்டு கையாலும் கருவியைப் பிடித்து வெளியே இழுத்தான். உள்ளே வளைந்திருந்தது வெளியே வளைந்தது. மீதிப் பாதி வீடியோவில், இதைக் கையால் செய்யக் கூடாது என்று இருந்திருக்க வேண்டும்.

கடைசியில் மாஸ்டர் செங்கோலை இறக்கினார். கியர் கருவியைக் கழற்றிவிட்டு, ஹேங்கரின் துளையில் முறுக்கிப் பொருத்தும் நீளமான அளவுக் கம்பி அது. சுவரில் தனி ஆணியில் தொங்கும். அதற்கு அந்தப் பட்டப்பெயரை வைத்தவள் அவள்தான். பின்கட்டுக்கு எடுத்துப்போய்ப் பயன்படுத்தியவளும் அவள்தான். மாஸ்டர் அதைத் தூசி தட்டியதோடு சரி.

கம்பியைச் சுற்றிச் சுற்றி, அதன் நுனிக்கும் சக்கர விளிம்புக்கும் எவ்வளவு இடைவெளி என்று பார்க்க வேண்டும். எல்லாப் பக்கமும் ஒன்றாக இருந்தால் ஹேங்கர் நேர். சக்கரமே கோணலாக இருந்தால்? மாஸ்டர் கோணலுக்குத் தகுந்தபடி வளைத்தார். அதற்குள் மச்சினன் சக்கரம் சாய்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு மறுபக்கம் சாய்த்து மாட்டினான். மாஸ்டர் அதற்கும் தகுந்தபடி வளைத்தார். முதலாளி, ரெண்டுக்கும் நடுவே வையுங்கப்பா என்று பஞ்சாயத்து பேசினார். ஹேங்கர் பாவம், யார் பேச்சைத்தான் கேட்கும்?

டக்.

பாதி ஹேங்கர் ஃபிரேமில் இருந்தது. பாதி செங்கோலோடு மாஸ்டர் கையில் இருந்தது.

மூவரும் கல்லாப் பக்கம் திரும்பினார்கள். அப்புறம் முதலாளியின் குரலில் தேன் சொட்டியது. "ஏம்மா..."

அவள் குனிந்தாள். கல்லாவுக்கு அடியிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்தாள். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஹேங்கரின் வடிவம் வேறு. கடையில் மூலைக்கு ஒன்றாய்க் கிடந்தவற்றை, வேலையில்லாத மதியங்களில் இனம் பிரித்துப் போட்டுவைத்திருந்தாள். என்ன, சோழி விளையாடுறியா என்று சிரித்த மச்சினன்தான் இப்போது டார்ச் பிடித்தான். தெருவில் போகிறவர்கள் பார்த்துவிடக் கூடாதென்று முதலாளி ஷட்டரைப் பாதி இறக்கினார்.

உடைந்ததைக் கழற்றித் தரையில் போட்டுவிட்டு, டப்பாவிலிருந்து எடுத்த புதியதைப் பொருத்தினாள். சைக்கிளைத் தரையில் நிறுத்தி, அதன் எடையிலேயே சக்கரத்தை நேராக உட்காரவைத்து இறுக்கினாள். பிறகு மாஸ்டரின் கையிலிருந்து செங்கோலை வாங்கினாள். கேட்டு வாங்கவில்லை. விளிம்பில் காற்றடிக்கும் வால்வு இருக்கும் இடத்தை அடையாளமாக வைத்து, மேலே, கீழே, முன்னே, பின்னே என்று அதே இடத்தைச் சுழற்றிக் கொண்டுவந்து அளந்தாள். புது ஹேங்கரிலும் ஒரு நூல் கோணல் இருந்தது. ஒரே ஒரு அழுத்தம், மெதுவாக. மறுபடி அளந்தாள். நான்கு பக்கமும் ஒரே இடைவெளி. கருவியை மாட்டி, கேபிளையும் ஸ்க்ரூவையும் சரிபார்த்துப் பெடலைச் சுற்றினாள். செயின் ஒவ்வொரு பல்சக்கரமாகப் படியேறி, படியிறங்கியது. சத்தமே இல்லை.

இவ்வளவுதான் வேலை. இதற்குத்தான் மூன்று ஆண்பிள்ளைகள் ஒரு பகலைத் தின்றிருந்தார்கள்.

பாதி ஷட்டருக்குள் குனிந்துகொண்டு அந்தப் பெண்மணி வந்தார். சைக்கிளைத் தெருவில் ஒரு சுற்று ஓட்டிவிட்டுத் திரும்பினார். முகத்தில் அதே கஷாயம்.

"யாரு பண்ணது இது?"

மாஸ்டர் கூரையைப் பார்த்தார். மச்சினன் டார்ச்சை அணைத்தான். முதலாளி அந்த முகத்தைப் பார்த்தார், உடைந்த பாதி கிடந்த தரையைப் பார்த்தார், ஒரு முடிவுக்கு வந்தார்.

"இவதாங்க."

"நான் தொடவே இல்லைங்க" என்றார் மாஸ்டர், யாரும் கேட்காமலே.

"வேற யாரும் கை வைக்கலையா?"

"யாருமே வைக்கலைங்க" என்றார் முதலாளி. பழி வழுக்கிவிடக் கூடாதே என்று இன்னும் ஒரு ஆணி அடித்தார். "இன்னைக்குன்னு இல்ல, ரெண்டு வருஷமா இந்தக் கடையில கியர் வேலை மொத்தமும் இவ கையிலதான். எதுன்னாலும் இவளைத்தான் கேக்கணும்."

"நிச்சயமா?"

"என் புள்ளைங்க மேல சத்தியமா."

அவள் கையைத் துடைத்த துணியை மடித்துக் கல்லாவின் மேல் வைத்தாள். கல்லாச் சாவியை அதன் மேல் வைத்தாள். தன் சொந்தக் காசில் வாங்கிய ஆலன் கீ செட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, ஷட்டருக்குக் குனிந்து வெளியே நடந்தாள். எதையும் யோசிக்கிற நடை இல்லை அது.

"ஏம்மா, எங்கே போறே? இதுக்கு யாரு பில்லு போடுறது?"

பதில் அந்தப் பெண்மணியிடமிருந்து வந்தது. முகத்திலிருந்து கஷாயம் அப்போதுதான் இறங்கியது.

"நேத்து போன்ல கேட்டது நான்தாங்க. நேர்ல வந்து கேட்டது நல்லதாப் போச்சு."