வலம் சுற்றும் ரிவோல்வர்

என் திருமணம் ஒரு ரிவோல்வரால் நடந்தது. யாரும் யாரையும் மிரட்டவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மிரண்டது நான் மட்டும்தான், அதுவும் குண்டு போடாத ரிவோல்வரைப் பார்த்து.

அப்போது நான் கனடாவில், மல்வேர்னில் ஒரு வீட்டின் நிலக்கீழ் அறையில் இருந்தேன். பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு முடிந்திருந்தது (நான் அதை விடவில்லை, அதன் கூரை போய்விட்டது). பிறகு பாங்கொக்கில் மீன் வெட்டி, ஆபிரிக்காவில் அக்ரா நகரத்தில் ஏஜென்சிக்காரனுக்குக் காத்திருந்து மலேரியா வாங்கி, போலந்தில் வெங்காய மூட்டைகளுக்கு நடுவே படுத்து வந்து, கடைசியில் ரொறன்ரோவில் பாண் சுடுகிற ஒரு தொழிற்சாலையில் போய் நின்றேன். எனக்கு எதிர்ப்பக்கம் நின்று பாண் அடுக்கியவள் வசந்தி. அவளுக்கு என்னைப் பிடித்துப்போனது. ஏன் என்று அவளுக்கே இன்றுவரை தெரியாது.

அவளுடைய அண்ணன் குகன் சம்மதித்தால்தான் கல்யாணம். குகன் அண்ணை எங்களுக்கெல்லாம் முன்பே படிக்க வந்து கணக்காளராகி, யூனியன்வில்லில் வீடு வாங்கியவர். அவருக்கு ஒரே பைத்தியம், பழைய ரிவோல்வர்கள். லைசென்ஸ், பூட்டுப் பெட்டி எல்லாம் முறைப்படி வைத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் மற்றவர்கள் கார் கழுவுகிற நேரத்தில் இவர் ரிவோல்வர் துடைப்பார். அதே ஆள் பஞ்சாங்கம் பார்க்காமல் காருக்கு ரயர் மாற்ற மாட்டார்.

வசந்தி என்னை எப்படி விற்பது என்று யோசித்திருக்கிறாள். படிப்பு இல்லை, வீடு இல்லை. ஒரு நாள் அண்ணனிடம் சொன்னாள்:

"அண்ணா, அவர் வன்னியால வந்தவர். துவக்கைப் பற்றித் தெரியாதது ஒண்டும் இல்லை."

எனக்குத் துவக்கைப் பற்றித் தெரிந்தது அதன் வாய்ப்பக்கம் மட்டுமே. சோதனைச் சாவடிகளில் அதைத்தான் எனக்குக் காட்டினார்கள். ஆனால் குகன் அண்ணை என்னை முதல் தடவையாக மரியாதையோடு பார்த்தபோது, நான் தரையைப் பார்த்துத் தலையாட்டினேன். அடக்கம் என்று அவர் எடுத்துக்கொண்டார்.

அந்த நேரம் கைத்துப்பாக்கி வாங்குவது, விற்பது எல்லாவற்றையும் நிறுத்தப் போவதாக அரசாங்கம் அறிவித்திருந்தது. குகன் அண்ணைக்குக் கடைசியாக ஒன்று வாங்கவேண்டும். அவர் சுட்டுப் பழகுகிற கிளப்பில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் தன்னிடம் இருந்த இரண்டைக் காட்டச் சம்மதித்திருந்தார்.

"தம்பி, நீரும் வாரும். உம்மட கண் வேணும் எனக்கு."

வசந்தி என் சேர்ட்டை இஸ்திரி போட்டுத் தந்து, "வாயைத் திறக்காதேங்கோ, எல்லாம் சரிவரும்" என்றாள்.

கிளப் நகரத்துக்கு வடக்கே இருந்தது. உள்ளே வரிசையாக நின்று சுட்டுக்கொண்டிருந்தார்கள்; எங்களுக்கும் ஆளுக்கொரு காதுமூடி தந்தார்கள். மேசையில் இரண்டு ரிவோல்வர்கள். இரண்டும் பழசு, இரண்டும் ஆறு குண்டு. விசையை ஒரே இழுப்பாக இழுத்தால் சுத்தியல் தானே எழும்பி, உருளை ஒரு அறை சுழன்று, வெடிக்கும். ஒன்று கரு நீலத்தில், புதுப்பெண்ணின் கூறைச் சேலைபோல மினுங்கியது. மற்றது சாயம் போய், பிடி தேய்ந்து, என்னைப்போல இருந்தது.

குகன் அண்ணை ஏதோ சொன்னார். கேட்கவில்லை. நான் காதுமூடியைத் தூக்கி, "என்ன அண்ணை?" என்று கேட்ட கணம் பார்த்துப் பக்கத்தில் ஒருவர் சுட்டார். அடுத்து எனக்குத் தெரிந்தது சிமெந்துத் தரை. முகம் குப்புற, கைகள் தலைக்கு மேல், வாய் திறந்தபடி (அப்படிக் கிடந்தால் காது வெடிக்காது, சின்ன வயதில் பங்கருக்குள் படித்தது). மெல்லத் தலையைத் திருப்பினால், பக்கத்தில் குகன் அண்ணையும் குப்புறக் கிடக்கிறார்.

"தம்பி, என்ன நடந்தது?"

"ஒண்டுமில்லை அண்ணை. நீங்கள் ஏன் படுத்தனீங்கள்?"

"நீர் படுத்தனீர்தானே."

மேற்பார்வையாளர் எல்லாரையும் சுடுவதை நிறுத்தச் சொல்லிக் கத்தினார். ஒருவர் முதலுதவிப் பெட்டியோடு ஓடி வந்தார். நாங்கள் எழும்பி, இஸ்திரி போட்ட சேர்ட்டுகளைத் தட்டிக்கொண்டோம். குகன் அண்ணை எல்லாருக்கும் விளக்கம் சொன்னார், "இவர் அனுபவசாலி" என்று. என் மதிப்பு இன்னும் ஏறிவிட்டது. எனக்கு அழுகை வந்தது.

"சரி தம்பி, எது எண்டு சொல்லும். பாக்கவும் வடிவா இருக்கவேணும், சுடவும் வேணும்."

நான் நேரம் கடத்துவதற்காக வெறும் ரிவோல்வரை அந்தக் கிழவரின் அனுமதியோடு மெல்ல இழுத்துப் பார்த்தேன். முதலில் நீலம், பிறகு தேய்ந்தது. அப்போதுதான் கண்டேன். பின்னால் நின்று பார்த்தால் நீலத்தின் உருளை வலப்பக்கமாகச் சுழல்கிறது. மற்றது இடப்பக்கமாக. கடவுளே வந்து காட்டியதுபோல இருந்தது.

"அண்ணை, உது இடம் சுத்துது. இடம் சுத்துறது செத்தவீட்டுக்கு. இது கோயில் வீதி சுத்துறமாதிரி வலம் வருது பாருங்கோ."

குகன் அண்ணை இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இவ்வளவு காலம் வச்சிருக்கிறன். உதை நான் கவனிக்கேல்லையே, தம்பி."

கிழவர் நேர்மையானவர். நீலத்தின் உள்வேலை மணிக்கூடு மாதிரி நுணுக்கமானது, நிறையச் சுட்டால் ஒழுங்கு தப்பும், கண்ணாடிப் பெட்டிக்குத்தான் அது அழகு. சுடுவதென்றால் தேய்ந்ததை எடு, அது உழவு இயந்திரம் மாதிரி என்று பொறுமையாகச் சொன்னார். குகன் அண்ணை என்னைப் பார்த்தார். நான் தலையை இல்லை என்று ஆட்டினேன். நீலம் யூனியன்வில்லுக்கு வந்தது. அடுத்த கிழமை எங்கள் கல்யாணத்துக்கு நாள் பார்த்தார்கள்.

அரசாங்கம் சொன்ன தடையும் வந்தது. கல்யாண ஹோல் பதிவு செய்து, கார்ட் அடித்துக் கொடுத்த பிறகு, ஒரு மத்தியானம் குகன் அண்ணை என்னை வரச் சொன்னார். மேசையில் துவாய் விரித்து அதன்மேல் நீலம் கிடந்தது.

"ஒவ்வொரு சனியும் சுட்டனான். இப்ப பாரும்."

விசையை மெல்ல இழுத்தார். உருளை வலமாகப் புறப்பட்டது. பாதி வழியில் நின்றுவிட்டது.

"திருத்துறவன் தன்னால ஏலாது எண்டிட்டான். தம்பி, உண்மையைச் சொல்லும். நீர் துவக்குப் பிடிச்சனீரோ?"

"இல்லை அண்ணை. பிடிச்ச ஆக்களுக்கு முன்னால நிண்டனான்."

"அப்ப அண்டைக்கு விழுந்து படுத்தது?"

"அது மட்டும்தான் அண்ணை நான் ஒழுங்காப் படிச்சது."

அவர் விசையை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தார். வசந்தியின் முகம் என் கண்ணுக்குள் வந்து போனது. அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று யோசிக்கத் தொடங்கிவிட்டேன். எங்கேயிருந்தும் கிளம்புவது எனக்குப் பழகின வேலை. ஆனால் இந்தத் தடவை கால்கள் எழும்பவில்லை.

குகன் அண்ணை ரிவோல்வரைத் துவாயால் மூடினார்.

"தடை வந்திட்டுது, இதை இனி ஒருத்தனுக்கும் விக்கேலாது. கார்ட் குடுத்தாச்சு, உம்மையும் மாத்தேலாது. ரெண்டையும் நான்தான் வச்சிருக்கவேணும். தேத்தண்ணி குடிக்கிறீரோ?"

குடித்தேன். அதைப்போல ஒரு தேத்தண்ணி நான் எந்த நாட்டிலும் குடித்ததில்லை.

கல்யாணத்தன்று வசந்தியின் கையைப் பிடித்து அக்கினியை வலம் வந்தேன். வேட்டி தடக்கி ஒரு கணம் நின்றுவிட்டேன். பின்னாலிருந்து குகன் அண்ணையின் குரல், ஐயரின் மந்திரத்தைவிடத் தெளிவாகக் கேட்டது:

"தம்பி, பாதியில நிண்டிடாதேயும். திருத்த ஆள் இல்லை."

இப்போதும் நான் ஏதாவது வேலையை அரைகுறையாக விட்டால் வீட்டில் ஒருவரும் ஏசுவதில்லை. வசந்தி விரலால் காற்றில் வலப்பக்கமாக ஒரு வட்டம் தொடங்கி, பாதியில் நிறுத்திக் காட்டுவாள். நான் எழும்பிப் போய் மிச்சத்தைச் செய்துவிட்டு வருவேன்.