பெயிண்டரின் சுண்ணாம்புச் சபதம்

"சுண்ணாம்பு நான் சுவத்துக்கு அடிக்கிற சாமான். வயித்துக்கு இல்லை!"

மருந்துக்கடையில் நின்று பெயிண்டர் செய்த சபதம் இது. ஏணியின் இரண்டாவது படியில், அதுவும் தரையிலிருந்து இரண்டாவதில், சறுக்கி மணிக்கட்டில் விரிசல். மாவுக்கட்டைப் பிரித்த டாக்டரம்மா, "எலும்புல வலுவே இல்லை. தினமும் சாப்பாட்டுக்கு அப்புறம் கால்சியம், அதான் சுண்ணாம்புச் சத்து. அடுத்த பரிசோதனையில தேறினாத்தான் ஏணி" என்று சொல்லிவிட்டார். ஏணி ஏறாத பெயிண்டரை எவன் கூப்பிடுவான்? இடுப்பு உயரத்துக்கு மட்டும் யாராவது வீடு கட்டுகிறார்களா?

கடைக்காரப் பெண் மாத்திரையை நீட்டினாள்.

"இது மாத்திரையா, செங்கல்லா?"

"பவுடர் இருக்கு சார். தண்ணியில கலக்கிக்கலாம்."

"வாளியில கலக்கினா ரெண்டு கோட் அடிக்கலாம்."

"அவரை விடும்மா" என்றாள் கூட வந்த மனைவி. பெயிண்டர் வெற்றிக் களிப்போடு நகர்ந்துபோய், கடைச் சுவரை நகத்தால் சுரண்டிப் பார்த்து, "பிரைமரே அடிக்கலை" என்று உச்சுக்கொட்டினார். அதற்குள் மனைவி என்னவோ வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவைக் காட்டினாள். "இது என் தொண்டைக்கு. தொட்டீங்க, அவ்வளவுதான்!"

சொல்லாமலே இருந்திருக்கலாம். பெயிண்டர் கொடுத்தால் வேண்டாம் என்பார், ஒளித்தால் விடமாட்டார். மத்தியானம் சாப்பாடு முடிந்து அவள் துணி காயப்போட மாடிக்குப் போனால் போதும், வேட்டை தொடங்கிவிடும். அரிசிப் பானைக்குப் பின்னால், தையல் மெஷின் டிராயரில், ஒருநாள் குக்கருக்குள்ளேயே! டப்பாவுக்குள்ளே தினமும் ஆரஞ்சு நிறத்தில் ஒரே ஒரு வில்லை. கடித்தால் புளிப்பும் இனிப்புமாக நாக்கில் கரையும். ஒன்றைத் தவிர மற்றதையெல்லாம் அவளே மொக்கிவிடுகிறாளே என்று அவருக்குப் பொறாமைகூட வந்தது.

ஏணி இல்லாமல் எட்டுகிற வாசல் கேட்டுக்கும் ஜன்னல் கம்பிக்கும் பெயிண்ட் அடித்து நாள் ஓடியது. நடுவில் ஒரு வாரம் மனசாட்சி உறுத்தியது. பாவம், இருமினால் என்ன செய்வாள்? பாதியைக் கடித்துக்கொண்டு பாதியை அவளுக்கு வைத்தார். அந்த வாரம் பூராவும் வீட்டில் பாத்திரம் உருண்டது.

"எந்த எலியோ பாதி தின்னுட்டுப் பாதி வச்சிட்டுப் போகுது. தின்னா முழுசாத் தின்னு தொலைக்கட்டும்!"

"எலியா? பொறி வைக்கட்டுமா?" என்றார் பெயிண்டர், முகத்தைத் திருப்பிக்கொண்டு. அனுமதியே கிடைத்தபின் பாதி எதற்கு?

பரிசோதனை நாளும் வந்தது. டாக்டரம்மா எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"நல்லாத் தேறியிருக்கு. இனிமே ஏணி ஏறலாம்."

பெயிண்டருக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்த நொடியே மனைவி பக்கம் திரும்பி மார்பை நிமிர்த்தினார். "பார்த்தியா? ஒரு மாத்திரை தொட்டிருப்பேனா? உடம்பு அப்படி!"

"மாத்திரை வேண்டாம்" என்றார் டாக்டரம்மா. "உங்க வீட்டம்மா சொன்ன அந்த ஆரஞ்சு வில்லையே போதும், அதுவும் கால்சியம்தான். விடாம மென்னு தின்னுங்க."

வீட்டு வாசலுக்கு வந்ததும்தான் பெயிண்டர் கேட்டார்: "அப்போ... பாதி வச்சேனே?"

"எனக்காக வச்சீங்கன்னு சந்தோஷப்படறதா, மருந்து பாதிதான் உள்ளே போச்சேன்னு அழறதா? அதான் எலி மேல பழியைப் போட்டுக் கத்தினேன்."

பெயிண்டர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "போகட்டும். இனிமே கையிலயே குடு. ஆம்பளையா வாங்கித் தின்னுடறேன்."

மறுநாள் சாப்பாடு முடிந்ததும் அவள் உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். அதே வில்லை, அதே ஆரஞ்சு. பெயிண்டர் பார்த்தார், மோந்தார், கை மட்டும் எழவே மாட்டேன் என்றது.

"ஏம்மா" என்றார் கடைசியில். "எங்கேயாவது ஒளிச்சு வச்சிடேன்."