சிவப்பு ரிப்பன் ரெண்டு

"எத்தனை குட்டி?" என்று டீச்சர் கேட்டபோது மெக்கானிக்கின் வாயிலிருந்து "ரெண்டு" என்றுதான் வந்தது. கையில் இருந்த அட்டைப்பெட்டிக்குள் நாலு இருந்தன.

அவர் லிஃப்ட் மெக்கானிக். டீச்சர் அவர் மனைவி. பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுப்பவள். பழுது பார்க்கப் போன அடுக்குமாடியில், லிஃப்ட் குழிக்குள் ஒரு தெருப்பூனை குட்டி போட்டு, கிட்டே போனவர்களை எல்லாம் சீறிக்கொண்டிருந்தது. லிஃப்டை ஓட்டவும் முடியாது, விட்டுவிட்டு வரவும் மனசு கேட்கவில்லை. இரண்டு கையிலும் கீறல் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு தூக்கி வந்துவிட்டார்.

"ஒரு தாய், ரெண்டு குட்டி. அதுக்கு மேல ஒரு வாலு கூட இந்த வீட்டுக்குள்ள வரக்கூடாது."

நாலும் ஒரே சாம்பல் நிறம், ஒரே அச்சு. அந்தத் தைரியத்தில் ரெண்டை ஹாலிலும் ரெண்டைத் தன் சாமான் அறையிலும் வைத்தார். தாய்ப்பூனைக்கு இந்த ஏற்பாடு பிடிக்கவில்லை. சாமான் அறைக் கதவைப் பிறாண்டியது.

"அங்க என்ன இருக்கு?"

"எலியா இருக்கும்."

"அப்ப உள்ள விடுங்க, புடிக்கட்டும்."

உள்ளே போன பூனை அரைமணி நேரம் கழித்துத் திருப்தியாக வெளியே வந்தது. மறுநாள் டீச்சர் எலியைப் பார்க்க டார்ச்சோடு வந்தாள்; மெக்கானிக் ரெண்டு குட்டியையும் சட்டைக்குள் மறைத்துத் தப்பித்தார். எல்லாத்துக்கும் தட்டில் பங்கு கிடைக்கட்டும் என்று, அன்றிலிருந்து குட்டிகளை வேளைக்கு ரெண்டாக ஷிஃப்ட் மாற்றி ஹாலில் விட ஆரம்பித்தார்.

"இப்பதானே வயிறு முட்டத் தின்னுச்சு, மறுபடியும் தட்டை நக்குதே?"

"வளர்ற பிள்ளைங்க, பசிக்கத்தானே செய்யும்."

அடையாளம் தெரியட்டும் என்று டீச்சர் ஒன்றுக்குச் சிவப்பு ரிப்பன், மற்றதுக்கு நீல ரிப்பன் கட்டினாள். மெக்கானிக் கடைக்கு ஓடி அதே சிவப்பும் அதே நீலமும் வாங்கி வந்து மீதி ரெண்டுக்கும் கட்டினார். அதுவும் போதவில்லை. ஒருநாள் சாமான் அறைக் கதவைச் சரியாகச் சாத்த மறந்துவிட்டார்.

"சிவப்பு பால்கனியில தூங்கிட்டு இருந்துச்சு. அதுக்குள்ள சமையலறைக்கு எப்படி வந்துச்சு?"

"சுறுசுறுப்பு ஜாஸ்தி," என்றார் மெக்கானிக், வியர்வையைத் துடைத்துக்கொண்டு.

கடைசியில் டீச்சர் சமையலறைத் தராசை எடுத்தாள். சிவப்பு காலையில் அறுநூற்று இருபது கிராம். சாயங்காலம் ஐந்நூற்றுப் பத்து.

"ஒரே பகல்ல நூத்திப்பத்து கிராம் இறங்கியிருக்கு. கிளம்புங்க டாக்டர்கிட்ட."

டாக்டர் குட்டியைத் தடவிப் பார்த்தார். "இளைச்சுத்தான் இருக்கு. ரத்தம் எடுத்துப் பார்ப்போம். மூணு நாள் இங்கேயே இருக்கட்டும்."

ஊசியைக் கண்டதும் குட்டி மெக்கானிக்கின் சட்டைக்குள் தலையை நுழைத்துக்கொண்டது. அதற்கு மேல் அவரால் தாங்க முடியவில்லை.

"டாக்டர், இதுக்கு ஒண்ணும் இல்ல. காலையில எடை போட்டது வேற குட்டி. மொத்தம் நாலு."

டாக்டர் ஊசியைக் கீழே வைத்தார். டீச்சர் கணவனையே பார்த்தாள். கல்யாணமான பன்னிரண்டு வருஷத்தில் வராத குரல் மெக்கானிக்குக்கு அன்று வந்தது.

"குழிக்குள்ள இறங்கி நான் தூக்கிட்டு வந்ததுங்க. ஒண்ணைக் கூட வெளிய அனுப்ப மாட்டேன். நாலும் நம்ம வீட்லதான் வளரும்."

"சரி, வளரட்டும்," என்றாள் டீச்சர்.

"அவ்வளவுதானா?"

"வேற என்ன சொல்றது? வீட்ல இடம் இருக்கே."

மெக்கானிக்குக் கால் தரையில் பாவவில்லை. நாலுக்கும் தடுப்பூசி போட்டுவிடலாம் என்று டாக்டர் சொன்னதும், வீட்டுக்குப் போய் மீதி மூன்றையும் தாயையும் கூட்டி வந்தார். யாரையும் தொடவிடாத அந்தப் பூனை, கூடைக்குள் தானாக ஏறி, அவருடைய கீறல் விழுந்த கையில் தலையை உரசியது. அவர் கண் கலங்கிவிட்டது.

ஊசி போட்டு முடிந்து காத்திருந்தபோது, பக்கத்தில் இருந்த நாய்க்காரர், கிளிக்காரர் எல்லாருக்கும் லிஃப்ட் குழிக் கதையைச் சொன்னார். "வீட்ல கொஞ்சம் கறாராப் பேசணும் சார். பேசினா ஒத்துப்பாங்க."

டீச்சர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஊசித் தட்டோடு வந்த கம்பவுண்டர் அவளிடம் சொன்னார்: "சார்தான் பூனைன்னா உயிரையே விடுறாரே டீச்சர். இனிமே என்ன பயம்? போன வாரம் நான் வந்து ஊசி போட்டேனே, ஸ்கூல் லேப்ல ஒளிச்சு வச்சிருக்கீங்களே உங்க அஞ்சு குட்டி, அதுங்களையும் இன்னிக்கே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க."